சூரியனையே அறைக்குள் இறக்கிவிட்டார்கள் ஐயா!

கொடைக்கானல் என்றால் உங்களுக்கு ஏரி, படகு, சாக்லேட். எனக்குச் சூரியன்! ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மலையேறுவதே வெயிலைப் பார்க்கத்தான் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். 2,300 மீட்டருக்கு மேலே, 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் அங்கே இருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் சம்பந்தம் உண்டா என்று குடைந்தார்களே, அந்தக் கேள்விதான் இப்படி மலை உச்சியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அருங்காட்சியகத்துக்குள் போனதும் படங்களை விடுங்கள், நேரே சூரியப் பிம்பத்துக்கு வாருங்கள். பாருங்களேன், இப்போது வெளியே காய்கிற அதே சூரியன், கண் கூசாமல், வட்டமாக எதிரில் விழுந்து கிடக்கிறது! விளிம்பு லேசாக மங்கி, தட்டு இல்லையடா, உருண்டை என்கிறது. காற்றின் அசைவில் ஓரமெல்லாம் நெளிகிறது. அதோ கரும்புள்ளி, நடுவே கறுப்பு, சுற்றிச் சாம்பல் விளிம்பு. ஒரு மேகம் குறுக்கே ஊர்ந்து எல்லாம் அணைந்து, மறுபடி பளிச்சென்று வந்ததும் “வந்துட்டார், வந்துட்டார்!” என்று நான் கத்திய கத்தலில் பக்கத்தில் நின்ற பையன் அம்மா முந்தானைக்குள் ஒளிந்துகொண்டான். வெட்கமா? துளியும் இல்லை!

இதற்கே இப்படி என்றால் இதே ஆய்வகத்தில் இருக்கிற சுரங்கத் தொலைநோக்கியை நினைத்துப் பாருங்கள்! கோபுரத்து மேலே கண்ணாடிகள் சூரியனைத் துரத்திப் பிடித்துக் கீழே தள்ள, 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் ஒளி படுத்துக்கொண்டு ஓட, 38 செ.மீ. லென்ஸ் அதைக் குவித்து 34 செ.மீ. அகலத்துக்கு ஒரு சூரியனை வரைந்து நிறுத்துகிறது. அந்தக் கணக்கில் நம் பூமி வெறும் 3 மில்லிமீட்டர், ஒரு மிளகுகூட அதைவிடப் பெரிசு, அதற்குள்தான் நீங்களும் நானும் இந்த மலையும்! அந்தத் தொலைநோக்கி வருவதற்கும் முன்னால், 1909-இல், இங்கேதான் ஜான் எவர்ஷெட் நிறமாலையின் கறுப்புக் கோடுகள் இம்மி நகர்ந்திருப்பதைப் பார்த்தே, கரும்புள்ளியின் சாம்பல் விளிம்பில் வாயு வெளிப்பக்கமாக வழிந்தோடுகிறது என்று கண்டுபிடித்தார். இன்றைக்கும் உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். நம்ம கொடைக்கானலில், ஐயா, நம்ம கொடைக்கானலில்!

பனிமூட்டம் வந்தால் ஒன்றும் தெரியாதே என்பார்கள். அது மலையின் குணம், விடுங்கள். இந்த ஆசையில் வீட்டு பைனாகுலரைச் சூரியன் பக்கம் திருப்பிவிடாதீர்கள், கண் போய்விடும். வானம் வெளுத்திருக்கிற காலையாகப் பார்த்துக் கிளம்புங்கள். படகுச் சவாரி சாயங்காலமும் இருக்கும்.