மேரி ராய் தீர்ப்பு தொடாத வினா
உயில் எழுதாது மரித்த தகப்பனின் சொத்தில், மகனுடைய பங்கிற் காற்பங்கு அல்லது 5000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதனையே 1916-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கு அளித்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-இல் இவ்வநீதியை அகற்றியது. ஆயின் எவ்வாறு? 1951-ஆம் ஆண்டுச் சட்டமொன்று இந்திய வாரிசுரிமைச் சட்டத்தை அப்பகுதிக்கு விரித்தபோதே பழைய சட்டம் நீங்கிற்று என்றது. அச்சட்டம் அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவு கூறும் சமத்துவத்தை மீறிற்றா என்பதை ஆராயாமலே விட்டது. தீர்ப்பின் பெருங்குறை இதுவே. தனிச்சட்டங்களைச் சமத்துவ அளவுகோலால் அளக்கலாமா என்பதற்கு அன்று விடை கிடைத்திருக்கலாம். (உயிலால் மகளை விலக்கும் வழியோ இன்றும் திறந்தே உள்ளது.)

நம்மவருள்ளும் இவ்வினாவைத் தவிர்த்து, செலோப்பியாத்தின் குமாரத்திகளைச் சான்று காட்டி அமைவோர் உளர். எண்ணாகமம் 27-இல் மகள் சுதந்தரம் பெறுவது மகன் இல்லாதவிடத்து மட்டுமே. மேரி ராய்க்கோ சகோதரர் இருந்தார்.