சாம்பல் நிறத்தில் ஒரு அம்பாசிடர்

புதிதாகப் பெயிண்ட் அடித்த காரை எதிரே நின்று பார்ப்பவருக்கு நிறம் தெரியும். வேலை தெரிந்தவர் அப்படிப் பார்ப்பதில்லை. பின்விளக்குப் பக்கமாகப் போய், கண்ணைக் கதவின் மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டில் ஓடும் பிரதிபலிப்பைப் பார்ப்பார். எதிர்ச்சுவரின் விளிம்போ ஷெட்டின் டியூப்லைட்டோ தகட்டின்மேல் ஒரு கோடாக விழுந்திருக்கும். அது பின்கதவில் தொடங்கி முன் ஃபெண்டர் வரை உடையாமல் போனால் அவர் முகம் மலரும். கைப்பிடிக்குக் கீழே கோடு தடித்து, கொஞ்சம் தள்ளி இளைத்து, மறுபடி நெளிந்தால் ஒன்றும் பேசாமல் நகர்ந்துவிடுவார். அந்த நெளிவுக்குக் காரணம் பெயிண்ட் அல்ல. பெயிண்ட் வருவதற்கு முன்பே அது அங்கே இருந்தது.

கம்பெனியிலிருந்து வரும் காரில் எல்லாப் பூச்சுகளையும் சேர்த்தாலே கனம் ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான்தான். இரண்டு தலைமுடியை ஒட்டி வைத்த அளவு. அவ்வளவு மெல்லிய தோல் எந்தப் பள்ளத்தை நிரப்பும்? தோல் பளபளக்கப் பளபளக்க, அடியில் இருக்கும் மேடுபள்ளம் இன்னும் துலக்கமாக வெளியே வரும். கார் பெயிண்டிங்கில் கலை என்று ஒன்று இருந்தால் அது ஸ்பிரே கன்னைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பது என் திடமான கருத்து.

குறைந்த செலவில் பெயிண்ட் அடிக்கும்போது முதலில் அடிபடுவது இந்த முன்வேலைதான். ஸ்பிரே ஒரு மதியப் பொழுதில் ஆகிவிடும். தேய்ப்பு நாள்கணக்கில் இழுக்கும், கூலியும் அங்கேதான் ஏறும். காசு குறைந்தால் ஷெட்டில் குறைவது தேய்க்கும் நாட்கள். ஆகவே காசு கொஞ்சமாகவும் பொழுது தாராளமாகவும் உள்ளவர்கள் தேய்ப்பையெல்லாம் வீட்டு நிழலிலேயே முடித்துக்கொண்டு, ஸ்பிரே அடிக்க மட்டும் வண்டியை ஷெட்டுக்குக் கொடுக்கிறார்கள். இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். மிச்சமாகும் பணம் ஒருபுறம் இருக்க, தன் வண்டியின் உடம்பை ஒருவர் அங்குலம் அங்குலமாகத் தொட்டு அறிவது வேறு எப்படியும் வாய்க்காது.

அதற்கு அம்பாசிடரைவிடத் தகுந்த வண்டி இல்லை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை காரின் உருவத்தைக் கொண்டு 1950களின் இறுதியில் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாராகத் தொடங்கி, 2014 வரை பெரிதாக உருமாறாமல் வந்த வண்டி. அதன் உடம்பில் தட்டையான இடம் என்று தேடினால் கிடைப்பது அரிது. முன் ஃபெண்டர் மேலிருந்து கீழாகவும் முன்னிருந்து பின்னாகவும் ஒரே சமயத்தில் வளைகிறது. பானட்டும் அப்படித்தான், டிக்கி மூடியும் அப்படித்தான். ஸ்கேலை வைத்துப் பார்த்துச் சரிசெய்ய வழியே இல்லை. இன்றைய கார்களில் கூர்மையான மடிப்புக் கோடுகள் ஓடுவதால் சிறு பிழைகள் அவற்றின் இடையே ஒளிந்துகொள்ளும். அம்பாசிடரின் விசாலமான உருண்டை எதையும் ஒளிக்காது.

முதல் வேலை கழுவுவது. இதைச் சின்ன விஷயமாக நினைப்பவர்கள் கடைசியில் அழுவார்கள். வருடக்கணக்கில் பூசிய பாலீஷ், டயருக்கு அடித்த பளபளப்புத் திரவம் ஆகியவற்றிலிருந்து சிலிக்கோன் தகட்டின்மேல் படிந்திருக்கும். அதைத் துடைக்காமல் தேய்த்தால் உப்புத்தாளே அதைக் கீறல்களுக்குள் கொண்டுபோய் அழுத்திவிடும். பிறகு பெயிண்ட் விழும்போது அந்தப் புள்ளியிலிருந்து விலகி ஓடி, சின்னச் சின்ன வட்டக் குழிகளை உண்டாக்கும். பெயிண்டர்கள் அதை ஃபிஷ் ஐ என்பார்கள். எனவே சோப்புத் தண்ணீர், பிறகு எண்ணெய்ப்பசை போக்கும் திரவம். ஒரு துணியால் தடவி, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் வழித்தெடுக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் உப்புத்தாளுக்கு வேலை.

அதேபோல் விளக்கு, பம்பர், கைப்பிடி, குரோம் பட்டை, கண்ணாடி ரப்பர் என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிவிட வேண்டும். டேப் ஒட்டிச் சமாளித்த இடத்தில் விளிம்போடு ஒரு பெயிண்ட் படிக்கட்டு நிற்கும், நாளடைவில் உரிவதும் அங்கிருந்துதான் தொடங்கும். மலிவான வேலையைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த ரப்பர் ஓரங்கள்தான். அம்பாசிடரின் முன் ஃபெண்டர்கள் போல்ட்டில் நிற்பவை. துணிச்சல் இருந்தால் அவற்றையே தனியே இறக்கி, திண்ணையில் வைத்துத் தேய்க்கலாம்.

துருவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற உப்புக்காற்று ஊர்களில் ஓடிய வண்டி என்றால் கதவுகளின் அடிவிளிம்பு, சக்கர வளைவின் உள்பக்கம், டிக்கியின் தரை ஆகியவற்றை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். குத்து உள்ளே இறங்கினால் அந்தத் தகடு போய்விட்டது. வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதுதான் வழி. ஓட்டையின்மேல் பட்டி போட்டு மூடுவது காரை விற்கப் போகிறவர் செய்யும் வேலை. மேல்துருவைச் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைத் தடவினால் மிஞ்சியது இரும்பு பாஸ்பேட்டாக மாறி அடங்கும். கழுவிக் காய்ந்ததும் அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடித்து மூடிவிடுவது நல்லது. நம் ஊர் ஈரக்காற்றில் வெறும் இரும்பு ஒரு ராத்திரி திறந்து கிடந்தாலே நிறம் மாறத் தொடங்கிவிடும்.

சொட்டை எடுப்பது டிங்கரின் கலை, அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். உள்ளே டாலி என்ற இரும்புக் கட்டியை அணைத்துப் பிடித்து, வெளியே சுத்தியலால் மெல்லத் தட்டும்போது எழும் சத்தத்திலேயே தகடு எங்கே நிற்கிறது என்று அவர் கண்டுகொள்வார். ஓங்கி அடித்தால் இரும்பு நீண்டுவிடும். நீண்ட தகடு அழுத்தினால் டக்கென்று உள்ளே போய், விட்டால் வெளியே வரும். தகட்டை எவ்வளவு சரியாகக் கொண்டுவருகிறோமோ அவ்வளவுக்குப் பட்டி குறையும். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பட்டி நிற்கக் கூடாது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் துணியில் சுற்றிய காந்தத்தைச் சட்டைப்பையில் கொண்டுபோவது வீண் அல்ல. பட்டி கனத்த இடத்தில் காந்தம் பிடிக்காது.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்கடுத்து வருகிறது. பெயிண்ட் உதிர்ந்த ஒரு புள்ளியைச் சுற்றி, உடைந்த பூச்சின் விளிம்பைச் சரிவாக்கித் தேய்க்க வேண்டும். 80ஆம் நம்பர் தாளில் தொடங்கி 180, 320 என்று மென்மையாக்கிக்கொண்டே போனால், நடுவில் வெள்ளி நிற இரும்பும் அதைச் சுற்றி வண்ண வளையங்களும் தோன்றும். கிணறு வெட்டும்போது மேல்மண், செம்மண், சரளை, பாறை என்று அடுக்கு தெரிவதைப் போல வண்டியின் வரலாறு முழுவதும் அங்கே விரிந்து கிடக்கும். இன்றைய வெள்ளையின் அடியில் ஒரு கிரீம் நிறம், அதன் அடியில் யாரோ ஒருவர் ஆசைப்பட்டு அடித்த நீலம், அதற்கும் கீழே முதல் சிவப்பு பிரைமர். எந்த வருடம் எந்த ஃபெண்டர் அடிபட்டது என்றுகூட ஊகிக்கலாம். வளையங்கள் அகலமாக இருந்தால் சரிவு நன்றாக அமைந்திருக்கிறது என்று பொருள். நூல் போல ஒடுங்கியிருந்தால் அங்கே இன்னும் ஒரு படி நிற்கிறது. விரலை ஓட்டினால் தடுக்கும்.

பட்டிக்கு வருவோம். இரண்டு பாகம் கொண்ட பாலியெஸ்டர் பட்டியில் ஹார்ட்னர் மிகக் குறைவாக, எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் சேரும். பலகையின்மேல் வைத்து, கிளறாமல், பட்டித் தகட்டால் அழுத்தி மடித்து மடித்துக் கலக்க வேண்டும். கிளறினால் காற்று புகுந்து, பின்னால் ஊசித்துளைகளாக எழும். சித்திரை வெயிலில் ஐந்து நிமிடத்துக்குள் இறுகிவிடும் என்பதால் ஒரு கையளவுக்கு மேல் கலக்கக் கூடாது. சீக்கிரம் காயட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டுகிறவர்கள் உண்டு. கூடுதல் ஹார்ட்னர் மேற்பூச்சு வழியாகக் கசிந்து, வெள்ளைக் காரில் மஞ்சள் கறையாக முகம் காட்டும்.

இங்கே நம் ஷெட்டுகளின் ஒரு பழக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. பட்டியின்மேல் தண்ணீர் ஊற்றி வாட்டர் பேப்பரால் தேய்க்கிறார்கள். தூசி பறக்காது, தாள் அடைத்துக்கொள்ளாது, கைக்கும் சுகம் என்பது உண்மைதான். ஆனால் இந்தப் பட்டியில் பெரும்பங்கு டால்க் தூள். அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தின்மேல் பிரைமரும் பெயிண்டும் ஏறினால் உள்ளேயிருந்து துரு வரும், மேலே கொப்புளம் வரும். பட்டியை உலர்ந்த தாளில்தான் தேய்க்க வேண்டும். முகக்கவசம் போட்டுக்கொண்டு தூசியைப் பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீர் பிரைமருக்கு மேல் வரட்டும்.

தாளை வெறும் விரலால் பிடித்துத் தேய்ப்பவரின் கையிலிருந்து தாளை வாங்கிவிட வேண்டும். விரல் பதியும் இடத்தில் பள்ளமும், விரலிடுக்கில் மேடும் நிற்கும். தட்டையான இடத்துக்கு மரக்கட்டை. அம்பாசிடரின் உருண்டைகளுக்கு வளைந்துகொடுக்கும் ரப்பர். பழைய ஹவாய் செருப்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டு போதும். ஒரே திசையில் தேய்த்தால் வாய்க்கால் விழும். ஒரு முறை இடமிருந்து சாய்வாக, மறுமுறை வலமிருந்து சாய்வாக, ஒன்றையொன்று குறுக்காக வெட்டும்படி நீளநீளமாகப் போக வேண்டும்.

எப்போது நிறுத்துவது என்று கண் சொல்லாது. பல நிறத் திட்டுகள் கண்ணை ஏமாற்றும். மெல்லிய பருத்தித் துணி ஒன்றைத் தகட்டின்மேல் விரித்து, உள்ளங்கை முழுவதையும் தட்டையாகப் பதித்து, அடிபடாத இடத்தில் தொடங்கி, வேலை செய்த இடத்தைக் கடந்து, மறுபக்கம் அடிபடாத இடம் வரை ஒரே வீச்சில் ஓட்ட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டால் இன்னும் நல்லது. துணி உரசலைக் குறைப்பதால் கைக்கு வடிவம் மட்டுமே எட்டும். ஒரு தாளின் கனமுள்ள மேட்டைக்கூட உள்ளங்கை கண்டுபிடித்துவிடும். அனுபவமுள்ள பெயிண்டர் ஒருவர் இப்படி ஃபெண்டரைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்று, சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த வட்டத்துக்குள் கண்ணுக்கு எதுவுமே தெரியாது. தேய்த்துப் பார்த்தால் அவர் சொன்னது அங்கே இருக்கும்.

பிறகு சாம்பல் நிற பிரைமர் சர்ஃபேசர். சிறிய கம்பிரஷர் கிடைத்தால் இதை வீட்டிலேயே அடித்துக்கொள்ளலாம். ஹார்ட்னர் சேராத வகையாகப் பார்த்து வாங்க வேண்டும், காரணம் பின்னால் வரும். இந்தப் பூச்சு விழுந்ததும் நீலம், கிரீம், பட்டி, இரும்பு எல்லாம் மறைந்து, அம்பாசிடர் முதல்முறையாக ஒரே உடம்பாகக் காட்சி தரும். மினுக்கம் இல்லாததால் கண் வடிவத்தில் மட்டுமே நிற்கும். ஃபெண்டர் எங்கே புடைத்து எங்கே அடங்குகிறது, கூரை பின்கண்ணாடிக்கு மேல் எப்படி இறங்குகிறது என்பதெல்லாம் இந்தச் சாம்பலில் தெரிவதுபோல எந்த நிறத்திலும் தெரிவதில்லை. எந்தக் காரும் இதைவிட அழகாக இருந்து நான் பார்த்ததில்லை.

அந்தச் சாம்பலின்மேல் கறுப்பு ஸ்பிரேயைத் தூரத்திலிருந்து லேசாகத் தூவி, காய்ந்ததும் 400ஆம் நம்பர் வாட்டர் பேப்பரைக் கட்டையில் சுற்றித் தேய்க்கத் தொடங்கினால் உண்மை முழுவதும் வெளியே வரும். மேடான இடத்தில் கறுப்பு உடனே போய்விடும், பள்ளத்தில் தங்கி நிற்கும். ஊசித்துளைகள் கறுப்புப் புள்ளிகளாகும். விட்டுப்போன 80ஆம் நம்பர் கீறல்கள் மயிரிழைகளாகத் தெரியும். கறுப்பு முழுக்கப் போகும் வரை தேய்ப்பதும், பிரைமர் கரைந்து இரும்பு எட்டிப் பார்த்தால் மறுபடி பிரைமர் அடித்துத் தூவித் தேய்ப்பதுமாகப் போகும். சரியான பொறுமை உள்ளவர்கள் இதை ஒரு தடவையோடு நிறுத்துவதில்லை. கடைசியில் 600இல் முடித்தால் ஒற்றைப் பூச்சு வெள்ளைக்குப் போதும்.

நம் ஷெட்டுகளில் இன்றும் கார் பெயிண்டை டூகோ என்பார்கள். அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி 1920களில் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டின் பெயர் அது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாண்ட் கார்கள் 1924ஆம் வருட மாடலில் அதை நீல நிறத்தில் பூசிக்கொண்டு வந்தன. அதற்குமுன் வார்னிஷ் பூச்சுகள் ஒவ்வொன்றும் காய்ந்து வேலை முடிய வாரக்கணக்கில் ஆகும். டூகோ அந்தக் காத்திருப்பைச் சில மணி நேரங்களுக்குச் சுருக்கிவிட்டது. தேய்க்கும் நேரத்தை அதனாலும் சுருக்க முடியவில்லை. அதற்குப்பின் வந்த எந்தப் பெயிண்டாலும் முடியவில்லை.

இனி ஷெட். பழைய நிறத்தையே அடிப்பது சிக்கனம். கதவின் உள்விளிம்பு, எஞ்சின் அறை ஆகியவற்றைத் தொட வேண்டாம், ஆர்.சி. புத்தகத்திலும் நிறத்தை மாற்ற வேண்டாம். குறைந்த செலவு வேலைக்கு வெள்ளை, கிரீம் போன்ற வெளிர் நிறங்கள் உகந்தவை. கறுப்பு எந்த நெளிவையும் மன்னிக்காது. மழைக்காலத்தைத் தவிர்க்க வேண்டும், ஈரக்காற்றில் டூகோ வகைப் பெயிண்ட் பால்போல வெளுத்துவிடும். பாலியூரித்தேன் பெயிண்ட் என்றால் அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கக்கூடியது. கைக்குட்டை கட்டிக்கொண்டு வீட்டு முற்றத்தில் அதை அடிக்கவே கூடாது. பெயிண்டரிடம் சொல்ல வேண்டியது குறைவுதான்: வழியில் படிந்த தூசியைத் துடைத்து, எண்ணெய்ப்பசை எடுத்து, நேரே அடிக்கச் சொல்லலாம். நல்ல பெயிண்டர் அந்தச் சாம்பல் கதவின்மேல் கையை ஒருமுறை ஓட்டிவிட்டு, யார் தேய்த்தது என்று கேட்பார்.

வண்டி திரும்பி வந்த அன்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். புதுப் பெயிண்டுக்குள் தின்னர் இன்னும் மிச்சமிருக்கும், அது கீறல்களை நிரப்பி மறைத்து வைத்திருக்கும். வாரங்கள் போகப்போக அது வெளியேறி, பூச்சு சுருங்கி, அடியில் அவசரமாக விட்ட ஒவ்வொரு தேய்ப்புக் கோடும் பட்டி விளிம்பும் மேலே எழும். ஒரு கோடைகாலம் முழுவதும் வெயிலில் நின்ற பிறகு, சாயங்கால வெளிச்சம் பக்கவாட்டில் விழும் நேரத்தில், பின்விளக்குப் பக்கம் போய்க் கண்ணைத் தாழ்த்திப் பாருங்கள்.