முரசுக்குள் இருந்த வீரர்கள்: எஸ். எஸ். வாசனின் திரைக்கலை

'சந்திரலேகா' (1948) படத்தின் முரசு நடனத்தைத் தனியே வெட்டி எடுத்துப் பார்ப்பவர்களே இன்று அதிகம். அப்படிப் பார்த்தால் அதில் பாதிதான் கண்ணில் படும். அரண்மனை முன்றிலில் வரிசை வரிசையாக ராட்சத முரசுகள், அவற்றின் மேல் ஆடும் கூட்டம், நடுவில் டி. ஆர். ராஜகுமாரி. மீதிப் பாதி கதையில் இருக்கிறது. அரியணையைப் பறித்துக்கொண்ட தம்பி சசாங்கனை மணக்கச் சம்மதிக்கிறாள் சந்திரலேகா. அதற்கு அவள் போடும் நிபந்தனைதான் இந்த நடனம். ஆட்டம் ஓய்ந்த மறுகணம் முரசுகளுக்குள்ளிருந்து அண்ணன் வீரசிம்மனின் வீரர்கள் வாளோடு வெளிப்படுகிறார்கள். அதுவரை ரசித்துக்கொண்டிருந்த காட்சி, கோட்டைக்குள் படையைக் கொண்டு சேர்த்த சூழ்ச்சி என்று அப்போதுதான் விளங்குகிறது.

வாசனைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் செலவைத்தான் எழுதினார்கள். 30 லட்சம் ரூபாய், ஐந்தாண்டு உழைப்பு, அசல் சர்க்கஸ் குழுக்கள், யானைகள், குதிரைகள். இவற்றில் பொய்யில்லை. ஆனால் பணம் கொட்டியவர்கள் அவருக்கு முன்னும் இருந்தார்கள், பின்னும் வந்தார்கள். திரையில் காட்டும் பெரிய பொருள் கதையில் ஒரு வேலை செய்தாக வேண்டும் என்ற பிடிவாதத்தில்தான் அவருடைய தனித்தன்மை இருக்கிறது என்பது என் துணிபு. அந்தப் பிடிவாதம் பத்திரிகையிலிருந்து வந்தது.

திருத்துறைப்பூண்டியில் ஸ்ரீனிவாசனாகப் பிறந்த வாசன், இளவயதிலேயே தந்தையை இழந்து, தாயின் உழைப்பில் சென்னைக்கு வந்து வளர்ந்தவர். விளம்பரம் பிடித்துக் கொடுப்பது, தபால் வழியே பொருள் விற்பது என்று தொடங்கினார். முகம் தெரியாத ஒருவரை நாலு வரியில் ஈர்த்து, அவர் கையாலேயே பணவிடைத்தாளை நிரப்பவைக்கும் தொழில் அது. பூதூர் வைத்தியநாதய்யர் தொடங்கிய 'ஆனந்த விகடன்' பத்திரிகையை 1928இல் வாங்கியபோது இந்தப் பயிற்சி முழுவதும் அதில் இறங்கியது. நகைச்சுவை, தொடர்கதை, பரிசுப் போட்டி, கல்கியின் எழுத்து எல்லாம் சேர்ந்து, தமிழ் படிக்கத் தெரிந்த நடுத்தரக் குடும்பத்தை வாராவாரம் காத்திருக்கவைத்தன. அடுத்த இதழ் வரும்வரை வாசகர் மனத்தில் ஒரு கேள்வியை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று அவர் அங்கே கற்றார். அவர் எழுதிய தொடர்கதையே 'சதி லீலாவதி'யாக 1936இல் படமாகியது. எம். ஜி. ஆர். திரைக்கு வந்த படம் அது.

பிறகு, தீ விபத்துக்குப் பின் ஏலத்துக்கு வந்த கே. சுப்ரமணியத்தின் ஸ்டூடியோவை வாங்கி 'ஜெமினி' என்று பெயரிட்டார். குழலூதும் இரட்டைக் குழந்தைகளின் சின்னம் தமிழ்ப் பார்வையாளருக்கு ஒரு தர முத்திரையானது. ஜெமினியின் உண்மையான விந்தை அதன் கதை இலாகா. கொத்தமங்கலம் சுப்பு உள்ளிட்ட பலர் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு கதை பேசினார்கள். வாசன் எதிரே அமர்ந்து வாசகர் தரப்பில் கேள்வி கேட்டார். ஜெமினியில் பணியாற்றிய அசோகமித்திரன், அந்த வளாகத்தின் மனிதர்களைப் பற்றிப் பின்னாளில் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைகள், ஒரு தமிழ் ஸ்டூடியோவின் உள்வாழ்க்கைக்கு நமக்கிருக்கும் மிகச் சிறந்த சாட்சியம். வாசனின் ஆளுமை அவற்றில் ஒளிர்கிறது. அவர் படங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதைச் சொல்ல அசோகமித்திரன் முற்படவில்லை. அந்த வேலையைத் திரை ஆய்வாளர்கள் செய்திருக்க வேண்டும், போதுமான அளவு செய்யவில்லை.

'சந்திரலேகா' பிறந்த விதமே விளம்பரக்காரரின் விதம். கதை உருவாகும் முன்பே பெயரை அறிவித்துவிட்டார். பின்னர் இலாகா கதை தேடி அலைந்து, ரெனால்ட்ஸின் பழைய ஆங்கில நாவல் ஒன்றிலிருந்து பொறி எடுத்தது. 'மங்கம்மா சபதம்' தந்த ஆச்சார்யாதான் படத்தைத் தொடங்கினார். கருத்து வேறுபாட்டால் அவர் விலகியபின் வாசன் தாமே இயக்கினார். இயக்குநராக அவருக்கு அதுவே முதல் படம். கமல் கோஷின் ஒளிப்பதிவும் ஏ. கே. சேகரின் கலை இயக்கமும் அவருக்குத் துணை நின்றன. அதே வளாகத்தில் உதயசங்கரின் 'கல்பனா' படமானதையும் மறக்கக் கூடாது. பெருங்கூட்டத்தைக் கோலமாக அடுக்கும் அழகு ஜெமினிக்கு அங்கிருந்தும் வந்திருக்க வேண்டும்.

தமிழில் மட்டும் இவ்வளவு செலவு மீளாது என்று தெரிந்தபோது, சில பாத்திரங்களுக்கு வேறு நடிகர்களை வைத்துக் காட்சிகளை மீண்டும் படமாக்கி, அதே ஆண்டு டிசம்பரில் ஹிந்திப் பதிப்பை வெளியிட்டார். அறுநூறுக்கும் மேற்பட்ட பிரதிகள், வடநாடு அதுவரை காணாத விளம்பரம். சென்னை ஸ்டூடியோக்கள் அடுத்த இருபது ஆண்டுகள் ஹிந்திச் சந்தையில் நடமாடியதற்கு வழி திறந்தது இந்தத் துணிச்சல்தான்.

பத்தாண்டு கழித்து 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' (1958). பத்மினியும் வைஜெயந்திமாலாவும் ஆடும் போட்டி நடனத்தை, இரண்டு சிறந்த ஆட்டக்காரிகளின் திறமைக் காட்சியாக மட்டும் கொண்டாடுகிறோம். அங்கேயும் முரசுகளின் தர்க்கமே இயங்குகிறது. ஒருவனை விரும்பும் இரு பெண்கள் வசனமில்லாமல் மோதிக்கொள்ளும் இடம் அது. பேசித் தீர்க்க முடியாத பகை காலடியில் ஏறி, தாளம் விரைய விரைய வெளியே வருகிறது. பி. எஸ். வீரப்பாவின் 'சபாஷ்' இன்றும் ஊர் ஊராகப் புழங்குவதற்குக் காரணம், அந்த நொடியில் அவர் பார்வையாளர் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டதுதான். வைஜெயந்திமாலாவின் தாயார் வசுந்தரா தேவிதான் 1943இல் 'மங்கம்மா சபத'த்தின் நாயகி. ஜெமினிக்குத் தலைமுறைகளைத் தாண்டிய நினைவு இருந்தது.

தம் படங்களைக் குடியானவர்களுக்கான கோலாகலப் பவனிகள் என்று வாசன் கருதினார். அந்தக் கருத்துக்கு ஒரு விலையும் உண்டு. அவருடைய பாத்திரங்களுக்கு அந்தரங்கம் கிடையாது. வீரசிம்மன் நல்லவன் என்பதற்கு மேல் அவனைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது. ரஞ்சனின் சசாங்கன் மனத்தில் தங்குவது வாள்வீச்சின் நேர்த்தியாலும் அந்த நடிகரின் தெனாவட்டாலும். ஆலைத் தொழிலாளர் கதையான 'இரும்புத் திரை'யில் (1960) சிவாஜியைப் போன்ற நடிகர் கிடைத்தும், முதலாளி-தொழிலாளி முரண் குடும்பச் சிக்கலுக்குள் கரைந்துவிடுகிறது. கோட்டை கொத்தளம் இல்லாத இடத்தில் வாசனின் கற்பனைக்குக் கால் ஊன்ற இடமில்லை என்றே தோன்றுகிறது. அறுபதுகளில் அவர் ஹிந்தியில் எடுத்த குடும்பப் படங்கள் பலவும் தொழில் சுத்தமானவை. அவற்றில் முரசு நடனத்தைப் போன்ற ஒரு திறப்பை நான் காணவில்லை.

1969 ஆகஸ்டில் வாசன் காலமானார். அதே ஆண்டுதான் பத்மபூஷண் வந்திருந்தது. அவருக்குப் பின் செட்டின் உயரமும் துணைநடிகர் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போயின, கணினி வந்தபிறகு அவற்றுக்கு வரம்பே இல்லை. இன்றைய பெரும் பொருட்செலவுப் படங்களில் பாடலுக்குக் கட்டிய மாளிகை பாடலோடு கலைந்துவிடுகிறது. அதைத் தூக்கிவிட்டாலும் கதை நகரும். 'சந்திரலேகா'வில் முரசுகளைத் தூக்கிவிட்டால் வீரசிம்மன் கோட்டைக்குள் நுழையவே முடியாது. திரைப்படக் கல்லூரிகளில் திரைக்கதை வகுப்புக்கு அந்த இருபது நிமிடத்தைப் பாடமாக வைக்கலாம்: நிபந்தனை போடும் காட்சியிலிருந்து வாள்சண்டை முடியும்வரை, இடையில் வெட்டாமல்.