ஒளியும் நினைவும்: தோட்டவெளியை முன்னிறுத்தி ஒரு நோக்கு

மன்னார்த் தீவின் தோட்டவெளி வேதசாட்சிகளின் நினைவைப் போற்றும் ஊராகும். சவேரியார் அனுப்பிய குருவிடம் ஞானஸ்நானம் பெற்ற ஏறத்தாழ அறுநூறு பேர், 1544இல் முதலாம் சங்கிலி மன்னனின் ஆணையால் மாண்டனர் என்பது மரபு. முகம் அறியப்படாத இம்மக்களைச் சமயக்கலை எவ்வாறு காட்டுதல் வேண்டும்?

வர்ணக் கண்ணாடி யன்னற்கலை ஐரோப்பாவின் மங்கிய வானத்தின்கீழ் வளர்ந்தது. உலோகச் சேர்மங்களால் நிறமூட்டிய கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டிகளால் இணைத்து, அருகிய ஒளியையும் பொலிவுறச் செய்தது அது. பிரான்சின் சார்த்தர் பேராலயம் இதற்குச் சான்று. மன்னாரிலோ வெண்மணலிற் பட்டுத் தெறிக்கும் வெயிலை அடக்குவதே கண்ணாடியின் பணியாகும். எனவே மாதிரியை அப்படியே பெயர்த்தல் பொருந்தாது.

பொருளும் அத்தகையதே. லோரன்சுக்கு இரும்புக் கட்டில், கத்தரீனாளுக்குச் சக்கரம் என ஐரோப்பிய மரபு தனியொருவரை அடையாளங் காட்டும். மன்னாரில் மாண்டதோ ஓர் ஊர். மன்னனை அரக்கனாகத் தீட்டுதல் எளிது. ஆயின் மதமாற்றத்தின் பின்னே போர்த்துக்கேயர் ஆதிக்கத்தைக் கண்ட அவனது அச்சம் அதில் மறைந்துவிடும். அவ்வச்சத்தையே நியாயமாக்கினால் மாண்டோர் மறைவர். இரண்டும் அரை உண்மைகளே.

எக்கலைப்பாணியையும் திருச்சபை தனக்கே உரியதாகக் கொண்டதில்லை என 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் உரைத்தது. வாயில் திறந்தேயுள்ளது. கடலோர மக்களின் முகங்களைக் கண்ணாடியில் ஏற்றுங் கலைஞனே அம்மாந்தருக்கு உரிய கடனைத் தீர்ப்பவனாவான்.