பலகைக்கு முன் கடல்

சிட்னிக்குப் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்கள் பலர் முதல் பருவத்திலேயே அலைச்சறுக்கு வகுப்பு ஒன்றுக்குப் போய் வந்துவிடுகிறார்கள். பிப்ரவரியில் பாடங்கள் தொடங்கும் வேளையில் கடல்நீர் இதமாக இருக்கும். மாணவர் சங்கங்களே பேருந்து பிடித்து மேன்லி கடற்கரைக்கோ போண்டை கடற்கரைக்கோ அழைத்துப் போவதும் உண்டு. வகுப்பு இரண்டு மணி நேரம், கட்டணம் நூறு டாலரை ஒட்டி இருக்கும். மாலையில் ஊருக்கு ஒரு படம் போகும்: வெண்ணுரைக்கு மேலே, அகலமான பலகையில், கைகளை விரித்தபடி நிற்கும் பிள்ளை. அந்தப் படத்தில் இருக்கும் மகிழ்ச்சி உண்மையானது. அந்த மகிழ்ச்சியை அவ்வளவு விரைவாகக் கொடுப்பதற்காக வகுப்பு எதையெல்லாம் விட்டுவிடுகிறது என்பதுதான் என் கேள்வி.

வகுப்பின் அமைப்பில் நிறைய அறிவு இருக்கிறது. கையில் தருவது எட்டு, ஒன்பது அடி நீளமுள்ள நுரைப்பலகை. மிதப்பு அதிகம், ஆட்டம் குறைவு. தலையில் இடித்தாலும் கண்ணாடியிழைப் பலகை அளவுக்குக் காயப்படுத்தாது. முதலில் மணலில் பயிற்சி. குப்புறப் படுத்துக் கைகளால் தண்ணீரை அள்ளுவதுபோல் செய்து, மார்புக்கு அருகே உள்ளங்கைகளை ஊன்றி, ஒரே வீச்சில் எழ வேண்டும். பிறகு இடுப்பளவு நீருக்குள் கூட்டிப் போவார்கள். அங்கே வருவது ஏற்கெனவே உடைந்து முடிந்த அலையின் நுரை மட்டுமே. பயிற்றுநர் பலகையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, தோதான நுரை வரும்வரை காத்திருந்து, தள்ளிவிட்டு, "எழு!" என்று குரல் கொடுப்பார். பெரும்பாலானோர் வகுப்பு முடிவதற்குள் ஒருமுறையாவது நின்றுவிடுவார்கள்.

இதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை. மாணவர் விசாவில் இருப்பவர் பருவ காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். வாடகை, கட்டணம், உச்சரிப்பு, தனிமை என்று எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டே ஓடும் வாழ்க்கை அது. அப்படிப்பட்டவருக்குத் தன் உடம்பு ஒரு புதிய காரியத்தைச் செய்துகாட்டும் மதியப் பொழுது பெரிய வரம். நான் சேர்ந்த வகுப்பில் பிரேசில், கொரியா, நேபாளம் என்று பல நாட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். கருத்தரங்க அறையில் வாய் திறக்கத் தயங்கியவர்கள் அங்கே உப்புத்தண்ணீரைத் துப்பிவிட்டு உரக்கச் சிரித்தார்கள். விழுவதில் எல்லோரும் சமம் என்பதால் பேச்சுக்கு முன்பே நட்பு வந்துவிட்டது. பல்கலைக்கழகத்தின் அறிமுக விழாக்கள் எதுவும் எனக்கு அதைத் தரவில்லை.

தள்ளிவிட்டும் தூக்கிவிட்டும் கற்பிப்பது சிட்னிக் கரைக்குப் புதிதல்ல. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்ற ஹவாய் வீரர் டியூக் கஹனமோகு, நீச்சல் போட்டிகளுக்காகச் சிட்னிக்கு வந்தார். 1914 டிசம்பர் 24 அன்று ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரையில், சுகர்பைன் மரத்தில் தானே செதுக்கிய பலகையில் ஏறி அலைமேல் நின்று காட்டினார். அதற்கு முன்பே சிலர் அங்கே முயன்றிருந்தாலும் மக்கள் மனத்தில் பதிந்தது அந்தக் காட்சிதான். அந்தப் பலகை இன்னும் ஃப்ரெஷ்வாட்டர் உயிர்காப்பு மன்றத்தில் இருக்கிறது. 1915இன் தொடக்கத்தில் அவர் இசபெல் லெதம் என்ற பதினைந்து வயதுப் பெண்ணைத் தம் பலகையில் ஏற்றிக்கொண்டு அலையில் இறங்கினார். தயங்கிய அந்தப் பெண்ணை அவரே பிடித்துத் தூக்கி நிறுத்தினார். இன்றைய பயிற்றுநர் செய்வதும் கிட்டத்தட்ட அதுவே.

ஆனால் இசபெல் அந்தக் கரையோரத்தில் வளர்ந்தவர், கடலில் நீந்திப் பழகியவர். பின்னாளில் கலிஃபோர்னியாவிலும் பிறகு சொந்த ஊரிலும் நீச்சல் ஆசிரியராகவே வாழ்ந்தார். டியூக் தூக்கி நிறுத்தியபோது இசபெலிடம் இல்லாமல் இருந்தது பலகை மட்டுமே. கடல் முன்பே இருந்தது. இன்று நூறு டாலர் கொடுத்து வருகிற மாணவரிடம் கடல் இல்லை. அவருக்கும் நாம் பலகையைத்தான் முதலில் கொடுக்கிறோம். முதல் வகுப்பின் மூலக் குறை இது. மற்ற குறைகள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

அலைச்சறுக்கில் நிற்பது மிகச் சிறிய பகுதி. தேர்ந்தவர்கள் கடலில் கழிக்கும் நேரத்தைக் கணக்கெடுத்தவர்கள், ஏறத்தாழப் பாதி நேரம் கையால் வலித்து முன்னேறுவதிலும், மீதியில் பெரும்பகுதி காத்திருப்பதிலும் போகிறது என்று கண்டிருக்கிறார்கள். அலைமேல் நிற்பது இருபதில் ஒரு பங்கு அளவுதான். அலையைத் தேர்வது, அதன் வேகத்துக்குத் தன் வேகத்தைக் கொண்டுவருவது, எப்போது விடுவது என்று முடிவெடுப்பது எல்லாம் மீதிப் பகுதியில் இருக்கின்றன. பயிற்றுநரின் ஒரு தள்ளலில் அத்தனையும் காணாமல் போகின்றன. மாணவர் அதை உணர்வதில்லை. "எனக்கு வந்துவிட்டது" என்று அடுத்த வாரமே நண்பருடன் போய் வாடகைக்குப் பலகை எடுக்கிறார். அங்கே தள்ளிவிட ஆள் இல்லை. அதனால் உடையாத அலையைத் தேடி இன்னும் உள்ளே போகிறார்.

எங்கே போகிறார் என்பது முக்கியம். ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் இரண்டுக்கு நடுவே குளிப்பவர்களை உயிர்காப்பாளர்கள் கண்காணிக்கிறார்கள். அந்த இடைவெளியில் சறுக்குப் பலகைக்கு அனுமதி இல்லை, குளிப்பவர்கள் மேல் இடிக்கக்கூடாது என்பதற்காக. நியாயமான விதிதான். ஆனால் அதன் விளைவு, கடலையே அறியாதவர் தம் முதல் பாடத்தைக் கொடிகளுக்கு வெளியே பெறுகிறார். வகுப்பில் பயிற்றுநர் இருக்கிறார், ஆபத்து குறைவு. தனியாக வரும் நாளில் அதே இடம் அவருக்குப் பழகிய இடமாகத் தோன்றுகிறது.

கொடிகளுக்கு வெளியேதான் ரிப் என்கிற இழுவையோட்டத்தை யாரும் சுட்டிக்காட்டாமல் சந்திக்க நேர்கிறது. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்த தண்ணீர் எப்படியாவது திரும்ப வேண்டும். மணல்திட்டுகளுக்கு நடுவே ஆழமான ஒரு வழியைப் பிடித்து, குறுகலாக, வேகமாக வெளியேறுகிறது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தை அது எளிதாக எட்டும். சில வேளைகளில் இரண்டு மீட்டரையும் தாண்டும். அந்த வழி ஆழமானது என்பதால் அங்கே அலை அதிகம் உடையாது. கருத்து, அமைதியாகத் தெரியும். புதியவர் கண்ணுக்கு இறங்குவதற்கு ஏற்ற இடமே அதுதான் என்று படும். போண்டையின் தெற்கு முனையில் நிலையாக ஓடும் இழுவைக்கு பேக்பேக்கர்ஸ் ரிப் என்றே பெயர். பேருந்திலிருந்து இறங்கி வரும் பயணிகள் முதலில் எட்டும் தண்ணீர் அது. அந்தக் கடற்கரை வெறும் அழகு இல்லை. 1938 பிப்ரவரி 6 அன்று அடுத்தடுத்து வந்த பேரலைகளில் 250 பேருக்குமேல் இழுக்கப்பட்டார்கள். உயிர்காப்பாளர்கள் பலர் திரண்டிருந்தும் ஐந்து பேர் இறந்தார்கள்.

இழுவை ஆளைக் கீழே அமுக்குவதில்லை, வெளியே கொண்டுபோகிறது. அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்திக் களைத்துப்போனவர்கள்தான் மூழ்குகிறார்கள். மிதந்து, கையை உயர்த்தி, ஆள் வரும்வரை பொறுத்திருப்பது முதல் பாடம். இதில் இன்னொன்றும் உண்டு: தேர்ந்த சறுக்குநர்கள் அதே இழுவையில் பலகையோடு ஏறி, அலைகள் உடையும் வரிசையைச் சிரமமின்றித் தாண்டுகிறார்கள். ஆக இழுவையைப் படிப்பது பாதுகாப்புக்கான பின்னிணைப்பு இல்லை, இந்தக் கலையின் அடிப்படை. அது பல முதல் வகுப்புகளில் வெட்சூட் உடை மாட்டும் நேரத்தில் சொல்லப்படும் ஓரிரு வாக்கியங்களாகச் சுருங்கிவிடுகிறது.

வேறு குறைகளும் உண்டு. விழும்போது தட்டையாக விழுந்து, இரு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டு மேலே வர வேண்டும். காலில் கட்டும் லெக்ரோப் என்ற கயிறு பலகையை நம்மை நோக்கியே சுண்டி இழுக்கும். இதைச் சொல்கிறார்கள், ஆனால் பழக்குவதில்லை. ஒரு அலையில் உச்சிக்கு அருகே இருப்பவருக்கே முன்னுரிமை என்ற கடல்வழக்கம் பேச்சிலேயே வருவதில்லை.

பயிற்சிப் பள்ளிகளின் பக்கம் நியாயம் இருக்கிறது. வந்தவர் நிற்கத்தான் பணம் கட்டியிருக்கிறார். நிற்காமல் போனால் திரும்ப வரமாட்டார். பயமுறுத்தி இறக்கினால் உடம்பு விறைத்து, எதையும் கற்க முடியாது. இரண்டு மணி நேரத்தில் கடலியல் நடத்த முடியாது என்பதும் சரி. ஆனால் இழுவையைக் காட்ட இரண்டு மணி நேரம் தேவையில்லை. கடற்கரைக்கு மேலே நடைபாதையில் நின்று, வகுப்பைக் கால் மணி நேரம் தண்ணீரைப் பார்க்க வைத்தால் போதும். கருத்த அந்தப் பாதை மேலிருந்து தெளிவாகத் தெரியும். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராப் பிராண்டர் இழுவைக்குள் ஊதா நிறச் சாயத்தைக் கரைத்துக் காட்டியதைப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை. பார்த்த பிறகு பயம் குறையவே செய்யும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிற பிள்ளைகளுக்கு இது இன்னும் கூர்மையான விஷயம். நீண்ட கடற்கரை நமக்கு உண்டு. ஆனால் மெரினாவில் இறங்காதே என்ற எச்சரிக்கையோடு வளர்ந்தவர்கள் நாம். நீச்சல் பெரும்பாலான பள்ளிகளில் பாடமே இல்லை. கோவளத்தில் மூர்த்தி மேகவன் போன்ற மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்கில் இவ்வளவு விரைவாகத் தேர்ந்ததற்குக் காரணம், பலகை கைக்கு வருமுன் கடல் அவர்களுக்கு வந்துவிட்டிருந்தது. படகோடு அலை தாண்டியவர்கள் அவர்கள். சென்னை அடுக்குமாடியிலிருந்து சிட்னிக்குப் போகும் மாணவருக்கு அந்த முன்பாடம் கிடைப்பதில்லை.

சேரும்போது தரும் படிவத்தில் "நீந்தத் தெரியுமா?" என்று ஒரு கட்டம் இருக்கும். நான் சேர்ந்த இடத்தில் எல்லோரும் அதில் ஆம் என்று குறித்தோம், யாரும் சோதிக்கவில்லை. இதற்கு நேர்மாறான முனையில் இருப்பது ஆஸ்திரேலிய உயிர்காப்பு மன்றங்களின் பிரான்ஸ் மெடாலியன் எனும் வெண்கலப் பதக்கப் பயிற்சி. கடலைப் படிப்பது, இழுவை, மீட்பு எல்லாம் அதில் வாரக்கணக்கில் கற்பிக்கிறார்கள். அதற்கு ஒன்பது நிமிடத்துக்குள் 400 மீட்டர் நீந்திக்காட்ட வேண்டும். நம் மாணவர்களில் பலரால் அது முடியாது. எதையும் கேட்காத வகுப்புக்கும் 400 மீட்டர் கேட்கும் பயிற்சிக்கும் நடுவே பெரிய வெற்றிடம் கிடக்கிறது. அதை நிரப்பும் வசதி பல்கலைக்கழகங்களிடம்தான் இருக்கிறது. பலவற்றுக்கு வளாகத்திலேயே நீச்சல்குளம் உண்டு. கடற்கரைக்குப் பேருந்து அனுப்புவதற்குச் சில வாரங்கள் முன்பே குளத்தில் மிதக்கவும் நீந்தவும் பழக்கட்டும். பிறகு ஒரு மதியம் உயிர்காப்பாளர் ஒருவரோடு கரையில் நின்று தண்ணீரைப் பார்க்க வைக்கட்டும். பலகையை அதற்குப் பிறகு கொடுக்கட்டும்.