கருவைக் காட்டிய படங்களும் காட்டாத சுவரும்

1965ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாளிட்ட அமெரிக்க ‘லைஃப்’ வார இதழின் அட்டையில் பதினெட்டு வார வளர்கரு ஒன்றின் வண்ணப்படம் வெளியாயிற்று. எடுத்தவர் ஸ்வீடன் நாட்டுப் புகைப்படக் கலைஞர் லென்னார்ட் நீல்சன். இதழ் சில நாட்களிலேயே விற்றுத் தீர்ந்தது. அதே ஆண்டில் அவருடைய நூலும் ஸ்வீடனில் வெளிவந்தது. ‘ஒரு குழந்தை பிறக்கிறது’ என்று அதன் ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். பல மொழிகளில் பல பதிப்புகள் கண்ட நூல் அது.

நீங்கள் அந்த நூலைப் புரட்டியிராவிட்டாலும் அதன் சாயலை அறிவீர்கள். மகப்பேறு மருத்துவமனைச் சுவரொட்டியிலும், பாடநூலின் மேலட்டையிலும் அதே காட்சிதான். கரிய வெளி, நடுவே ஒளிரும் ஒரு சிற்றுடல், மூடிய கண்கள், வாயருகே கட்டைவிரல். விண்வெளியில் மிதக்கும் வீரனைப் போல அது தன்னந்தனியே மிதக்கிறது.

இப்படங்களின் பெருமையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. அதுவரை மருத்துவக் கல்லூரிக் கண்ணாடிச் சாடிகளில் வெளுத்துக் கிடந்த ஒன்றை, இரத்த நாளங்கள் தெரிய, தோலின் மென்மை தெரிய நீல்சன் பொதுமக்களுக்குக் காட்டினார். கருவியல் என்றொரு துறை உண்டென்று இலட்சக்கணக்கானோர் அறிந்தது இவற்றால்தான். ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. இந்தக் குழந்தை எதன்மேல் வளர்ந்தது?

அட்டைப்படத்தை மீண்டும் கூர்ந்து பாருங்கள். வலப்பக்கத்தில் நச்சுக்கொடி தெரிகிறது. ஆனால் அது ஒட்டியிருந்த கருப்பைச் சுவர் இல்லை. காரணம் எளியது. இக்கரு அறுவை மூலம் வெளியே எடுக்கப்பட்ட பிறகு படம் பிடிக்கப்பட்டது. இதழின் உள்ளே இச்செய்தி அச்சிடப்பட்டே இருந்தது. அட்டையில் மட்டும் ‘உயிருள்ள’ என்ற சொல் நின்றது. அத்தொகுப்பில் பெரும்பாலான படங்கள் இவ்வாறு கருப்பைக்கு வெளியே எடுக்கப்பட்டவையே. உள்ளதை மறைத்தார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. படம் சொன்னது உரை சொன்னதை விழுங்கிவிட்டது என்கிறேன். நம் நினைவில் தங்கியது தாயில்லாத குழந்தை.

ஒட்டுதல் எனும் உடன்பாடு

இந்தக் குறை சிறியதா, பெரியதா? முதல் இரண்டு வாரங்களில் நடப்பதைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

கருவுற்ற முட்டை பிளவுபட்டு, ஐந்தாறு நாட்களில் உட்குழிவுள்ள உயிரணுப் பந்தாகிறது. இதைக் கருக்கோளம் என்பர். இதன் உள்ளே ஒரு பக்கம் குவிந்திருக்கும் சில உயிரணுக்களே பிற்காலத்துக் குழந்தை. வெளிப்படலமாக அமைந்த டிரோபோபிளாஸ்ட் என்னும் உயிரணுக்கள் நச்சுக்கொடியை உண்டாக்கப் போகின்றவை. அதாவது, குழந்தைக்கு உறுப்புகள் உருவாகும் முன்பே நச்சுக்கொடியின் வேலை தொடங்கிவிடுகிறது.

ஆறாவது அல்லது ஏழாவது நாளில் கருக்கோளம் கருப்பையின் உள்வரியைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் வெளிப்படல உயிரணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து, எல்லைச் சுவர்களே இல்லாத, பல உட்கருக்கள் கொண்ட ஒரே திரளாகின்றன. இந்த இணைப்புக்கு உதவும் சின்சிட்டின் என்னும் புரதம், நம் முன்னோரின் மரபணுத் தொகுதியில் எப்போதோ புகுந்து தங்கிவிட்ட ஒரு வைரஸின் மரபணுவிலிருந்து வந்தது என்று 2000ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். இத்திரள் திசுவை ஊடுருவிச் செல்கிறது. ஒன்பதாவது நாளளவில் அதனுள் சிறு பள்ளங்கள் தோன்றுகின்றன. பன்னிரண்டாவது நாளில் கரு முழுவதும் சுவருக்குள் புதைந்துவிடுகிறது.

‘நிலத்தில் விதை விழுந்தது போல’ என்று இதைச் சொல்வது வழக்கம். நீல்சனின் பிந்தைய பதிப்புகளில் வரும் மின்னணு நுண்ணோக்கிப் படங்களும் இந்த உவமைக்கே துணை நிற்கின்றன. அவை மேற்பரப்பைத்தான் காட்டுகின்றன. ஆனால் கருப்பை வெறும் நிலமன்று. மனிதப் பெண்ணின் கருப்பை உள்வரி, கரு வருமுன்பே ஒவ்வொரு மாதமும் தானாக மாறுதலடைந்து ஆயத்தமாகிறது. கரு வராவிட்டால் அது கழிந்துவிடுகிறது, அதுவே மாதவிலக்கு. வந்தாலோ, கருவின் ஊடுருவலுக்கு வழியும் விடுகிறது, வரம்பும் கட்டுகிறது. இத்தகைய வரம்பு இல்லாத கருக்குழாயில் கரு பதிந்தால் என்ன ஆகும்? டிரோபோபிளாஸ்ட் குழாயின் சுவரையே துளைத்துவிடக் கூடும். பழைய சிசேரியன் தழும்பின்மேல் பதியும் நச்சுக்கொடி சில வேளை தசைக்குள் இறங்கிப் பிரசவத்தின்போது பிரியாமல் நிற்பதும், தாயின் உயிருக்கே ஆபத்தாவதும் இதனால்தான்.

சுவரோடு சேர்த்துப் பார்த்தவர்கள்

சுவரோடு சேர்த்துக் காட்டுவது இயலாத செயலா என்றால், நீல்சனுக்கு முன்பே அது நடந்திருந்தது. 1938 முதல் 1953 வரை பாஸ்டன் நகரப் பகுதியில் ஆர்தர் ஹெர்டிக், ஜான் ராக் ஆகிய இரு மருத்துவர்கள், கருப்பையை அகற்றும் அறுவைக்கு வந்திருந்த 200க்கும் மேற்பட்ட பெண்களின் கருப்பைகளை ஆராய்ந்து 34 இளங்கருக்களைக் கண்டார்கள். எல்லாமே முதல் 17 நாட்களுக்கு உட்பட்டவை. சுவரில் பதிந்திருந்தவற்றைச் சுவரோடு சேர்த்தே மெல்லிய சீவல்களாக்கி ஆராய்ந்தார்கள். முழுத் தொகுப்பும் 1956ஆம் ஆண்டில் விவரித்து வெளியிடப்பட்டது. கரு பதிதலைப் பற்றி இன்று நாம் படிக்கும் பாடநூல் படங்கள் பல, இந்தத் தொகுப்பிலிருந்து பிறந்தவை.

அவை அழகிய படங்கள் அல்ல. சாயமேற்றிய சீவல்கள், பழகாத கண்ணுக்குப் புள்ளிக் குழப்பம். ஆனால் எது கரு, எது தாய் என்ற எல்லைக்கோட்டில் இரு தரப்பும் என்ன செய்கின்றன என்பதை அவை காட்டுகின்றன. இங்கும் ஒன்றை மறக்கலாகாது. அந்த 200க்கும் மேற்பட்ட பெண்கள் தந்ததே இந்த அறிவு. பாடநூல்கள் மருத்துவர் பெயரைச் சொல்கின்றன; அப்பெண்களைப் பற்றி ஒரு வரியும் சொல்வதில்லை.

மூடிய குழாய்கள்

‘தாயின் இரத்தம் நச்சுக்கொடிக்குள் பாய்ந்து, முதல் நாளிலிருந்தே குழந்தையை ஊட்டுகிறது’ என்று பலர் எண்ணுகிறார்கள். இதுவும் முழு உண்மையன்று. ஊடுருவிச் செல்லும் டிரோபோபிளாஸ்ட் உயிரணுக்கள், தாயின் சுருள் தமனிகளின் வாயை முதல் சில வாரங்கள் பெருமளவு அடைத்து வைக்கின்றன. ஹுஸ்டின், ஷாப்ஸ் ஆகியோர் 1987ஆம் ஆண்டில் இதைச் சுட்டிக் காட்டினார்கள். அந்நாட்களில் கருவுக்கு உணவு, கருப்பைச் சுரப்பிகளின் சுரப்பிலிருந்து வருகிறது. ஆக்சிஜனும் குறைவு. கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால், எட்டாவது வாரத்தில் நச்சுக்கொடியில் ஆக்சிஜன் அழுத்தம் 20 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் கீழே. பன்னிரண்டு வாரம் கடந்ததும் 50க்கு மேல். இளம் உறுப்புகள் உருவாகும் காலத்தில் ஆக்சிஜனால் விளையும் கேட்டிலிருந்து இந்த அடைப்பு கருவைக் காக்கிறது எனக் கருதுகிறார்கள். அடைப்பு நீங்கும்போது, தமனிகளின் தசைச்சுவர் கரைந்து அவை அகன்ற வாய்க்கால்களாகியிருக்க வேண்டும். நிறைமாதத்தில் அவற்றின் வழியே நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாயும்.

அகலாவிட்டால்? புரோசன்ஸ், ராபர்ட்சன், டிக்சன் ஆகியோர் 1967இலும் 1972இலும் வெளியிட்ட ஆய்வுகள் இக்கேள்விக்கு விடை தேடின. பிரீ-எக்லாம்சியா என்னும் நோயில் இரத்த அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரில் புரதம் கசிகிறது. முற்றினால் வலிப்பும் மரணமும் நேரலாம். இந்நோயுற்ற தாய்மாரின் சுருள் தமனிகள் போதிய ஆழத்துக்கு மாற்றமடையவில்லை என்று அவர்கள் கண்டார்கள். உலகில் நூறு கர்ப்பங்களில் மூன்று முதல் எட்டு வரை இந்நோய்க்கு ஆளாகின்றன. ஏழாவது, எட்டாவது மாதத்தில் வெளிப்படும் நோயின் வேர் பல வேளைகளில் முதல் சில மாதங்களில், அந்தச் சுவரில்தான் இருக்கிறது.

‘லைஃப்’ அட்டை வந்து இரண்டே ஆண்டுகளில் வந்த ஆய்வு இது. ஆனால் ஒன்று உலகமெங்கும் பரவியது. மற்றது மருத்துவ நூலகங்களிலேயே தங்கியது. நம் பேச்சுவழக்கிலும் நச்சுக்கொடிக்கு ‘நஞ்சு’ என்றே பெயர். குழந்தை பிறந்ததும் கழித்துக் கட்டப்படும் பொருள். ஒன்பது மாதம் நுரையீரலாகவும் சிறுநீரகமாகவும் குடலாகவும் பணிபுரிந்த உறுப்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆசிரியர்களுக்கும் படம் வரைவோருக்கும் ஒரு வேண்டுகோள். கருவின் வளர்ச்சியைக் கரும்பலகையில் வரையும்போது முதலில் கருப்பைச் சுவரை வரையுங்கள். பிறகு கருவை அதனுள் வையுங்கள். மாணவர் வினவும் கேள்விகள் மாறும். ‘குழந்தைக்கு இப்போது எத்தனை விரல்?’ என்று கேட்டவர், ‘இந்தத் தாய்க்கு இரத்த அழுத்தம் எவ்வளவு?’ என்றும் கேட்பார். நீல்சனின் நூலை வாய்ப்புள்ளவர்கள் அவசியம் பாருங்கள், வியந்து பாருங்கள். அதன் கரிய பின்னணி இருக்கும் இடத்தில் ஒரு பெண் இருந்தாள் என்பதையும் நினைவில் வைத்துப் பாருங்கள்.