புதுப்பித்தலா, மீட்டெடுத்தலா? பழைய கார் வீடியோக்களை முன்வைத்து

'ரெஸ்டோரேஷன்' என்பதற்குத் தமிழில் நாம் மூன்று நான்கு சொற்களை மாற்றி மாற்றிப் போடுகிறோம். புதுப்பித்தல், சீரமைப்பு, மீட்டெடுத்தல், கோயில் என்றால் திருப்பணி. பட்டறையில் போய்க் கேட்டால் இந்த வம்பே கிடையாது, "ஃபுல்லா பிரிச்சு செஞ்சிடலாம் சார்" என்று முடித்துவிடுவார்கள். கேட்பதற்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் புதுப்பித்தல் என்றால் பொருளைப் புதிதாக்குவது, மீட்டெடுத்தல் என்றால் இருந்ததைக் காப்பாற்றி எடுப்பது. கிடப்பில் போட்ட ஒரு பழைய காரை முன்னால் நிறுத்திக்கொண்டு இந்த இரண்டையும் யோசித்தால், ஒன்று மற்றொன்றை அழித்துவிடக்கூடும் என்பது புரியும்.

யூடியூபில் கார் புதுப்பிப்பு வீடியோக்களைக் கொஞ்ச நாள் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு அவற்றின் இலக்கணம் அத்துப்படி. புதருக்குள் ஒரு கார். டயர் மண்ணில் புதைந்திருக்கும், சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கும். பிரஷர் வாஷரால் தண்ணீர் அடிப்பார்கள், அழுக்கு வழியும், நமக்கும் ஏதோ மனசு சுத்தமான மாதிரி இருக்கும். பிறகு பேட்டரி மாட்டி "ஸ்டார்ட் ஆகுமா, ஆகாதா" என்று ஒரு பரபரப்பு. அடுத்து பாடியைத் தூக்கி மணல் வீச்சு, பிரைமர், பெயின்ட், அதன்மேல் கண்ணாடி மாதிரி கிளியர் கோட். கடைசியில் பாதி பழசு, பாதி புதுசு என்று திரை இரண்டாகப் பிரியும். இருபது நிமிஷத்தில் இரண்டு வருஷ வேலை.

இதை நான் ரசித்துப் பார்ப்பவன்தான். என் குறை வேறு. கேமராவுக்கு எது பிடிக்குமோ அதுவே வேலை முறையாக மாறிக்கொண்டிருக்கிறது. கேமராவுக்கு வித்தியாசம் வேண்டும். ஐம்பது வருஷமாக மங்கிய பெயின்டை மெல்லத் துடைத்து, பாலிஷ் போட்டுப் பாதி மீட்டெடுத்தால் திரையில் ஒன்றும் தெரியாது. முழுக்கச் சுரண்டிவிட்டு மறுபடி அடித்தால் 'அடடா' என்று சொல்ல வைக்கும். ஆகவே காப்பாற்றக்கூடிய பெயின்டும் சுரண்டப்படுகிறது.

ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கும் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். பல வருஷம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, கையால் மெதுவாகச் சுற்றிப் பார்ப்பதுதான் முறை. ஊறுகிற நாட்களில் படம் பிடிக்க ஒன்றுமில்லை. நேராகப் பேட்டரியை மாட்டிச் சுற்றினால் ரிங் உடையலாம், சுவர் கீறலாம். அதற்கப்புறம் எஞ்சினைப் பிரித்து போர் அடிக்க வேண்டி வந்தால், அதுவும் ஒரு எபிசோட்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போவதைவிட ஒரு காரை வைத்துப் பார்ப்போம். ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில், 1961 முதல் செய்யப்பட்ட கார். அம்பாசடர் கல்கத்தா பக்கத்துக் கார், ஃபியட் பம்பாய்க் கார் என்றால், ஹெரால்ட் நம்ம ஊர்க் கார். மூலம் இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்ட், 1959-ல் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கலோட்டி.

பொழுதுபோக்காக வேலை செய்பவர்களுக்கு இந்தக் கார் ஒரு வரம். அந்தக் காலத்தில் பல கார்கள் பாடியும் சேஸியும் ஒன்றாக வார்த்தது மாதிரி வர ஆரம்பித்துவிட்டன. ஹெரால்டுக்குத் தனி சேஸி, அதன்மேல் போல்ட் போட்டு இறுக்கிய பாடித் துண்டுகள். முன்பக்கம் பானட், மட்கார்டு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். எஞ்சினைச் சுற்றி நின்றுகொண்டு, முதுகு வளையாமல் வேலை பார்க்கலாம். வீட்டு ஷெட்டில் நாலு பேர் கைகொடுத்தால் பாடியைப் பிரித்து இறக்கிவிடலாம்.

இதே சௌகரியம்தான் ஆபத்தும். பிரிப்பது சுலபம் என்பதால் முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் பிரித்துவிடுகிறோம். ஹெரால்டில் சேஸியின் பக்கவாட்டுக் கைகள்தான் முதலில் துருப்பிடித்து உளுத்துப்போகும், பாடியின் ஓரங்களைத் தாங்குவது அவைதான். கதவு திறப்புகளுக்குக் குறுக்கே கம்பி வைத்து வெல்டு பண்ணாமல், கதவு இடைவெளிகளை அளந்து எழுதி வைக்காமல் பாடியைத் தூக்கினால் அது கொஞ்சம் நெளியும். திரும்ப உட்காரவைக்கும்போது கதவு சாத்தாது. அப்புறம் கதவின் ஓரத்தைத் தட்டி, பட்டி வைத்து, தேய்த்து ஒப்பேற்றுவார்கள். வீடியோவில் அந்த இடத்தில் பாட்டு ஓடும்.

ஹெரால்டைப் பொறுத்தவரை இன்னொரு விஷயம் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்ட் எல்லாமே இரண்டு கதவுக் கார்கள். நம் ஊரில் இரண்டு கதவு குடும்பத்துக்குச் சரிப்படவில்லை. 1960-களின் பிற்பகுதியில் இங்கேயே நான்கு கதவு ஹெரால்டைச் செய்தார்கள். 1970-களில் வந்த கெஸல் அதன் தொடர்ச்சி. இங்கிலாந்தில் ட்ரையம்ஃபுக்கு இன்றும் பாகங்கள் புதிதாகச் செய்து விற்கிறார்கள், காசு இருந்தால் வரவழைக்கலாம். ஆனால் அந்தப் பின்கதவை எங்கே வாங்குவது? அது இந்த மண்ணில் மட்டும் செய்யப்பட்டது. தொழிற்சாலை 1980-களின் இறுதியில் மூடிவிட்டது. மிச்சமிருக்கும் கார்கள்தான் அந்தத் தொழிற்சாலையின் ஆவணங்கள்.

இப்படி யோசித்தால் வேலையின் வரிசையே மாறும். இறக்குமதி செய்யக்கூடிய பாகத்தைக் கெட்டால் மாற்றலாம். உள்ளூரில் செய்த பாகத்தை உளுத்திருந்தாலும் ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற வேண்டும். நம் வீடியோக்களில் நடப்பதோ தலைகீழ். "லண்டனிலிருந்து ஒரிஜினல் பார்ட் இறக்கியிருக்கோம்" என்பது பெருமை. உள்ளூர்ப் பாகம் 'லோக்கல்' என்ற ஒரே சொல்லால் காயலான் கடைக்குப் போகிறது. வேலை முடியும்போது ஒரு மெட்ராஸ் ஹெரால்ட், சுமாரான ஒரு ட்ரையம்ஃபாக மாறி நிற்கும்.

மணல் வீச்சைப் பற்றி நமக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. கோயில் கற்சுவர்களைத் திருப்பணி என்ற பெயரில் மணல் வீசிச் சுத்தம் செய்தபோது என்ன ஆயிற்று? கல் பளிச்சென்று வந்தது, கூடவே கல்வெட்டு எழுத்தின் விளிம்பும் சிற்பத்தின் மூக்கும் மழுங்கின. பலர் சண்டை போட்ட பிறகே அதற்குத் தடை வந்தது. கார் தகட்டிலும் கதை அதேதான். சேஸி மாதிரி கனமான இரும்புக்கு மணல் வீச்சு தாங்கும். பானட், கதவு போன்ற மெல்லிய தகட்டில் அழுத்தம் கூடினால் தகடு அலையலையாக நெளியும், அதை மறைக்க விரல் கனத்துக்குப் பட்டி. பெயின்டும் போகிறது. கதவுக் கீல் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தால் அடுக்கடுக்காக நிறம் தெரியுமே, தொழிற்சாலையில் அடித்தது, முதல் சொந்தக்காரர் மாற்றியது, பிறகு யாரோ டுக்கோ அடித்தது என்று, அந்த வரலாறு ஒரு மத்தியானத்தில் காலி.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. "கார் என்ன சிற்பமா? ஓடுகிற யந்திரம். துருவை வரலாறு என்று வைத்துக்கொண்டால் நடுரோட்டில் ரெண்டாகிவிடும்." ஒப்புக்கொள்கிறேன். பிரேக் குழாய், டயர், பெட்ரோல் லைன், வயரிங், தாங்கும் திறன் போன சேஸிப் பகுதி, இவற்றில் பழமைக்கு மரியாதை காட்டுவது முட்டாள்தனம். யோசிக்காமல் மாற்ற வேண்டும். ஆனால் பாதுகாப்புக்காக மாற்றவேண்டியவற்றின் பட்டியல் சின்னது. சீட் துணிக்கும் டாஷ்போர்டுக்கும் பெயின்டுக்கும் உயிர் போகாது. பிரேக்குக்குச் சொல்ல வேண்டிய காரணத்தைச் சொல்லி முழுக் காரையும் புதுசாக்கிவிடுகிறோம்.

இன்னொரு மறுப்பு: "பாகம் மாறுவதெல்லாம் சகஜம். எந்தப் பழைய காரில்தான் எல்லாம் ஒரிஜினல்?" இந்தக் கேள்வி 1990-ல் லண்டன் நீதிமன்றத்துக்கே போயிற்று. லீ மான் பந்தயத்தை 1929, 1930 இரண்டு ஆண்டுகளிலும் வென்ற பென்ட்லி கார் ஒன்றை, 'ஓல்ட் நம்பர் ஒன்' என்பார்கள், 1 கோடி பவுண்டுக்கு விலை பேசினார்கள். வாங்குபவர், இது அந்தக் காரே கிடையாது என்று பின்வாங்கினார். 1929-ல் ஓடியபோது இருந்த பாகங்களில் மிகச் சொற்பமே மிச்சம், எஞ்சின் வேறு, பாடி வேறு. ஆனாலும் நீதிபதி அதே கார்தான் என்றார். காரணம், அது ஒருபோதும் காணாமல்போய்த் திரும்ப உருவாக்கப்பட்டது இல்லை. பந்தயத்துக்குப் பந்தயம், தேவைக்குத் தேவை மாறிமாறி வந்திருக்கிறது. வரலாறு அறுபடவில்லை.

மறுப்பாளர்களுக்குச் சாதகமாகத் தோன்றும் இந்தத் தீர்ப்பை நான் வேறு மாதிரி படிக்கிறேன். பாகம் மாறியதா என்பது கேள்வி இல்லை. வாழ்க்கையின் போக்கில் மாறியதா, ஒரே மூச்சில் அழித்து மாற்றினார்களா என்பதுதான் கேள்வி. ஒரு ஹெரால்டில் உங்களுக்கு வேறு காரின் ஆல்டர்னேட்டரும், தையல் பிரிந்து மறுபடி தைத்த சீட்டும் கிடைக்கலாம். உதிரிபாகம் கிடைக்காத காலத்தில் ஏதோ ஒரு மெக்கானிக் தன் மூளையைக் கசக்கி அந்த வண்டியை ஓடவைத்த அடையாளம் அது. அதைத் 'தப்பான பார்ட்' என்று தூக்கியெறியும்போது நாம் அழிப்பது அந்த மனிதரின் வேலையை.

சந்தையும் மெல்ல இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. பிரான்ஸில் பயோன் குடும்பத்துப் பண்ணைக் கொட்டகைகளில் பல பத்தாண்டுகள் கிடந்த கார்கள் 2015-ல் பாரிஸில் ஏலத்துக்கு வந்தன. அதில் ஒரு ஃபெராரியின் மேல் பழைய பத்திரிகைக் கட்டுகள் அடுக்கிக் கிடந்தன. தூசியைக்கூடத் துடைக்காமல் ஏலம் விட்டார்கள், 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கு மேல் போயிற்று. ஃபெராரி என்பதால்தான் அந்த விலை, சரி. ஆனால் துடைக்காமல் விற்றார்களே, அதைக் கவனியுங்கள். பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 2012-ல் ஏற்ற டூரின் சாசனமும், இருப்பதைக் காப்பதையும் புதிதாக மாற்றுவதையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. மாற்றிய பாகத்தில் அடையாளம் இட வேண்டும், செய்ததை எழுதி வைக்க வேண்டும் என்கிறது. நம் நாட்டிலும் 2021-ல் வந்த விதிகளின்படி, 50 வருஷம் கடந்த வாகனத்தை 20,000 ரூபாய் கட்டி 'வி.ஏ.' வரிசை எண்ணில் விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். சேஸி, பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஹெரால்டுகள் இந்த வயதைத் தாண்டிவிட்டன.

பொழுதுபோக்காகச் செய்பவரிடம் தொழில்முறைப் பட்டறையில் இல்லாத ஒன்று இருக்கிறது: அவசரமின்மை. பட்டறைக்காரர் அடுத்த வண்டிக்கு இடம் விட வேண்டும், சுரண்டி அடிப்பதுதான் அவருக்குக் கட்டுப்படியாகும். உங்களுக்கு அப்படி என்ன வந்தது? ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு கதவை மட்டும் எடுத்துக்கொண்டு ஆறு மாசம் உட்காரலாம். அந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு, நேரமில்லாதவர்களின் வேலை முறையை நகல் எடுப்பானேன்?

உங்கள் தெருவிலோ சொந்தக்காரர் வீட்டிலோ தார்ப்பாய்க்குக் கீழே ஒரு ஹெரால்ட் நின்றால், தண்ணீர் அடிப்பதற்கு முன்னால் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். கதவு இடைவெளிகளை அளந்து எழுதுங்கள். சேஸி எண் தகட்டைக் கழற்றாதீர்கள். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் எந்த இடத்தது என்று சீட்டு எழுதிக் கவரில் போடுங்கள், மாற்றினாலும் பழசை வீசாதீர்கள். பெயின்ட் அடித்தே தீரவேண்டுமென்றால் டிக்கியின் உள்பக்கத்தில் ஒரு சாண் இடத்தையாவது அப்படியே விடுங்கள். டிங்கர் வேலை செய்தவரின் பெயரையும் அவர் என்ன செய்தார் என்பதையும் நோட்டில் குறித்து வையுங்கள். இதில் எதற்கும் காசு செலவில்லை. வீடியோ எடுத்தால் இதையும் கொஞ்சம் காட்டுங்கள், நான் பார்க்கிறேன்.